வேகத்துக்கும் பொருத்தம் பார்க்க வேண்டும்

கோயில் விழாக்களும் சமையல் குறிப்புகளும் பிள்ளைகளின் தமிழ்ப் படிப்பும் இடம்பெறும் நம் சங்க இதழில், பந்தயக் காரைப் பற்றி எழுத வந்திருக்கிறேன். வாசகர்கள் பொறுத்தருள வேண்டும். நம் வீட்டுப் பிள்ளைகளின் உயிர் சம்பந்தப்பட்ட செய்தி என்பதால்தான் எழுதத் துணிந்தேன்.

நாகர்கோவில் பக்கத்திலிருந்து 1981-இல் பிழைப்புத் தேடித் திருவனந்தபுரம் வந்தவன் நான். கரமனையில் குடியிருப்பு. மண் அள்ளும் இயந்திரங்களைப் பழுதுபார்க்கும் தொழிலில் முப்பத்திரண்டு ஆண்டுகள் கழித்து ஓய்வு பெற்றேன். என் அக்காவுக்கு இரண்டு ஆண்பிள்ளைகள். மூத்தவன் அமெரிக்காவில் டாலஸ் நகரத்தில் கணினி வேலை பார்க்கிறான். இளையவன் இங்கேயே டெக்னோபார்க்கில் இருக்கிறான். இருவருக்கும் சின்ன வயதிலிருந்தே வண்டிப் பைத்தியம். அதற்கு ஒரு வகையில் நானும் காரணம். விடுமுறை நாட்களில் என்னோடு பணிமனைக்கு வந்து நட்டு போல்ட்டு பொறுக்கி வளர்ந்த பிள்ளைகள் அவர்கள்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு நாள் இரவு மூத்தவன் தொலைபேசியில் அழைத்தான். "மாமா, டார்க் கன்வெர்ட்டர் மாத்தணும். எதை வாங்கணும்னு தெரியல. நீங்க லோடர்ல எத்தனை பாத்திருப்பீங்க, சொல்லுங்க" என்றான். எட்டு சிலிண்டர் பழைய ஃபோர்டு மஸ்டாங் ஒன்றை வாங்கி வைத்திருக்கிறான். டாலஸ் அருகே என்னிஸ் என்ற ஊரில் 1986-இல் திறக்கப்பட்ட டெக்சஸ் மோட்டார்ப்ளெக்ஸ் என்ற நேர்ப்பாதைப் பந்தயத் திடல் இருக்கிறது. இரண்டு கார்கள் அருகருகே நின்று, விளக்கு பச்சையானதும் புறப்பட்டு, கால் மைல் தூரத்தை, அதாவது 402 மீட்டரை, யார் முதலில் கடக்கிறார் என்று பார்க்கும் பந்தயம். டிராக் பந்தயம் என்பார்கள். அதற்குத்தான் இந்த ஏற்பாடு.

டார்க் கன்வெர்ட்டர் என்றால் என்ன என்று நம் தாய்மார்களும் கேட்பார்கள். இரண்டு மேஜை விசிறிகளை எதிரெதிரே வைத்து ஒன்றை மட்டும் ஓடவிட்டால், அதன் காற்றில் மற்றதும் சுழலும் அல்லவா? காற்றுக்குப் பதிலாக எண்ணெயை நிரப்பி இரண்டையும் ஒரே டப்பாவுக்குள் மூடிவிட்டால் அதுவே இதன் அடிப்படை. ஒரு விசிறி எஞ்சினோடு சேர்ந்தது. மற்றது கியர் பெட்டியோடு சேர்ந்தது. நடுவே ஸ்டேட்டர் என்ற மூன்றாவது சக்கரம் ஒன்று உண்டு. திரும்பி வரும் எண்ணெயை அது சரியான திசையில் வளைத்து அனுப்புவதால், வண்டி புறப்படும் நேரத்தில் எஞ்சினின் முறுக்குவிசை ஏறக்குறைய இரண்டு மடங்காகிச் சக்கரத்துக்குப் போகிறது. ஹெர்மன் ஃபோட்டிங்கர் என்ற ஜெர்மானியப் பொறியாளர் 1905-இல் கப்பல்களுக்காகக் காப்புரிமை பெற்ற ஏற்பாடு இது. பிற்காலத்தில் தானியங்கிக் கியர் கார்களுக்கு வந்தது. லோடரின் வாளி மண் மேட்டில் முட்டி அசையாமல் நிற்கும்போதும் எஞ்சின் அணைந்துபோகாமல் உறுமிக்கொண்டே இருக்கிறதே, அதுவும் இதன் புண்ணியம்தான்.

கியரில் போட்டு, பிரேக்கை அழுத்திப் பிடித்து, ஆக்சிலரேட்டரை முழுதும் மிதித்தால் எஞ்சின் ஒரு குறிப்பிட்ட சுற்றுக்கு மேல் ஏறாது. அந்தச் சுற்றுக்கு ஸ்டால் என்று பெயர். எங்கள் தொழிலில் இது அன்றாடச் சோதனை. ஸ்டால் குறைந்தால் எஞ்சினில் பலம் போயிற்று என்றோ ஸ்டேட்டர் பிடிக்கவில்லை என்றோ சந்தேகப்படுவோம். கூடினால் கியர் பெட்டிக்குள் கிளட்ச் வழுக்குகிறது என்று பார்ப்போம். பந்தயக்காரர்களுக்கோ ஸ்டால் என்பது வாங்கும் பொருளின் தரம்போல ஆகிவிட்டது. பெட்டியின் மேல் 2,500, 3,500, 4,500 என்று எழுதி விற்கிறார்கள். எண் பெரிதானால் வேகம் பெரிது என்று பிள்ளைகள் நம்புகிறார்கள்.

மூத்தவனும் அப்படித்தான் ஏமாந்தான். என்னைக் கேட்பதற்கு முன்பே அங்கே ஒரு கடையில் 3,500 என்று எழுதியிருந்த ஒன்றை வாங்கி மாட்டியிருந்தான். தொழிற்சாலையிலிருந்து வந்த பழைய கன்வெர்ட்டரில் 402 மீட்டரை 13.4 நொடியில் ஓடிய கார், புதியதைப் போட்ட பிறகு 13.3 நொடியில் ஓடியது. செலவழித்த பணத்துக்குப் பத்தில் ஒரு நொடி. அதோடு எண்ணெய் கருகிய வாடை வேறு.

நான் கேட்ட முதல் கேள்வி, "அந்த 3,500-ஐ யார் எஞ்சின்ல அளந்தாங்க மக்களே?" என்பதுதான். அவனிடம் பதில் இல்லை. ஒரு கன்வெர்ட்டர் தாங்கும் முறுக்குவிசை, சுற்றின் இருமடிக்கும் விட்டத்தின் ஐந்தாம் மடிக்கும் ஏற்ப மாறும். ஆகவே ஒரே கன்வெர்ட்டரைக் கூடுதல் பலமுள்ள எஞ்சினில் மாட்டினால் ஸ்டால் தானாக ஏறிவிடும். முறுக்குவிசை 30 விழுக்காடு கூடினால் ஸ்டால் ஏறக்குறைய 14 விழுக்காடு கூடும். மூத்தவனுடைய எஞ்சின் வேலை செய்து பலம் ஏற்றியது. பெட்டியில் எழுதியிருந்த 3,500 அவன் காரில் 4,000-ஐத் தொட்டது. அவன் எஞ்சினின் முறுக்குவிசை உச்சமோ 3,400 சுற்றில். நல்ல பலம் இருக்கும் இடத்தைத் தாண்டிப்போய் நின்று, பாக்கியெல்லாம் எண்ணெயில் வழுக்கிக்கொண்டிருந்தான்.

விட்டத்தின் கணக்கு இன்னும் வேடிக்கை. ஒரே அமைப்புள்ள கன்வெர்ட்டரில் விட்டத்தை 280 மில்லிமீட்டரிலிருந்து 250-க்குக் குறைத்தால், 2,000 சுற்றில் இருந்த ஸ்டால் 2,650-க்குப் போய்விடும். இரண்டங்குலத்துக்கும் குறைந்த வித்தியாசம் இவ்வளவு செய்கிறது. அதனால் கண்ணை மூடிக்கொண்டு சின்னதாக வாங்குவதும் தவறு, பெரியதாக வாங்குவதும் தவறு.

பிறகு அவனை உட்காரவைத்து ஒரு தாளில் எழுதச் சொன்னேன். ஓட்டுநரோடு சேர்த்துக் காரின் எடை எவ்வளவு? எஞ்சினின் முறுக்குவிசை உச்சம் எந்தச் சுற்றில், எந்தச் சுற்றுவரை நன்றாக இழுக்கிறது? கியர் பெட்டியின் விகிதங்கள் என்ன? பின் அச்சின் விகிதம் என்ன? டயரின் உயரம் என்ன? கால் பிரேக்கில் நிறுத்திப் புறப்படுவாயா, கியர் பெட்டியையே பூட்டிவைக்கும் டிரான்ஸ் பிரேக் இருக்கிறதா? காரைச் சாலையில் ஓட்டுவாயா, இழுவண்டியில் ஏற்றித் திடலுக்குக் கொண்டுபோவாயா? பெண் பார்க்கப் போகிறவர்கள் குலம் கோத்திரம் கேட்பதுபோல இத்தனையும் கேட்காமல் கன்வெர்ட்டர் விற்கிறவன் வியாபாரி. இத்தனையும் கேட்டு அதற்கேற்ப உள்ளே இதழ்களின் கோணத்தையும் ஸ்டேட்டரையும் மாற்றிச் செய்து தருகிறவன் தொழிலாளி. அப்படி ஒருவரிடம் செய்துவாங்கு என்றேன்.

வாங்கிய பிறகு சரிதானா என்று பார்க்கவும் ஒரு கணக்கு உண்டு. எல்லைக் கோட்டில் காரின் வேகம் தெரியும். டயர் ஒரு சுற்றுக்கு 2.07 மீட்டர் ஓடுகிறது. பின் அச்சு விகிதம் 3.73. கடைசிக் கியர் ஒன்றுக்கு ஒன்று. முதல் கன்வெர்ட்டரில் மணிக்கு 168 கி.மீ. வேகத்தில் எல்லையைக் கடந்தபோது, சக்கரத்தின் கணக்குப்படி எஞ்சின் 5,045 சுற்று ஓடினால் போதும். மீட்டர் காட்டியதோ 6,000. நூற்றுக்குப் பதினாறு பங்கு சுற்று வழுக்கலில் போயிற்று. பொருத்தம் பார்த்துச் செய்த இரண்டாவது கன்வெர்ட்டரில் 174 கி.மீ. வேகத்தில் கடந்தான். கணக்குப்படி 5,226, மீட்டரில் 5,700. வழுக்கல் எட்டுப் பங்குதான். நேரம் 12.7 நொடி. எஞ்சினில் ஒரு திருகைக்கூடத் தொடவில்லை.

வழுக்கலில் போனது வெப்பமாகத்தான் மாறும். ஸ்டாலில் பிடித்து நிற்கும்போது சக்கரம் அசையாததால் எஞ்சினின் முழு ஆற்றலும் எண்ணெயைச் சூடாக்குகிறது. 60 கிலோவாட், அதாவது 80 குதிரைத்திறன், ஐந்து நொடி மூன்று லிட்டர் எண்ணெயில் இறங்கினால், குளிர்விப்பு இல்லாதபோது 50 டிகிரிக்கு மேல் சூடேறிவிடும். ஆகவே நல்ல எண்ணெய்க் குளிர்விப்பான் இல்லாமல் உயர்ந்த ஸ்டால் வேண்டாம் என்பது என் கண்டிப்பான சொல். அதிகச் சுற்றில் உள்ளிருக்கும் எண்ணெயின் அழுத்தத்தால் மலிவான கன்வெர்ட்டரின் உடல் பலூன்போல உப்பும். உப்பினால் எஞ்சினின் கிராங்க்கைத் தள்ளித் தேய்க்கும். அதற்காகத்தான் கெட்டியான முன்மூடியும், ஊசித் தாங்கிகளும், உலையில் பற்றவைத்த இதழ்களும் கேட்டு வாங்கச் சொன்னேன். கன்வெர்ட்டரைத் தாங்கும் தட்டு உடைந்து பறந்தால் ஓட்டுநரின் காலுக்கு நேரே வரும். வேகமான கார்களுக்கு அங்கே சான்று பெற்ற தட்டும், கியர் பெட்டிக்குக் கவசமும் கேட்கிறார்கள். தலைக்கவசம் இல்லாமல் வரிசையில் நிற்க முடியாது. எண்ணெய் ஒரு சொட்டு ஒழுகினாலும் திருப்பி அனுப்பிவிடுவார்களாம்.

இவ்வளவையும் நான் பெருமையோடு சொல்லிக்கொண்டிருந்த காலத்தில்தான் இங்கே இளையவன் விழுந்தான்.

2022-ஆம் ஆண்டு மழைக்காலம். பைபாஸ் சாலையில் இரவு ஒரு மணிக்கு பைக்கிலிருந்து விழுந்து கணுக்கால் முறிந்தது. பின்னால் உட்கார்ந்திருந்த நண்பனுக்கு இடுப்பில் அடி. அந்தப் பையன் இன்றும் சற்று சாய்ந்துதான் நடக்கிறான். நாய் குறுக்கே வந்தது என்று அக்காவிடம் சொன்னான். அக்கா நம்பினாள். பிளாஸ்டர் போட்ட காலோடு கிடந்தவனிடம் நான் தனியாகக் கேட்டபோது பந்தயம் என்று ஒப்புக்கொண்டான். கூடவே ஒன்று சொன்னான். அதுதான் என்னை இந்தக் கட்டுரை எழுதவைத்தது.

"மாமா, செயின் ஸ்ப்ராக்கெட் மாத்தினா எப்படி இருக்கும்னு ரெண்டு வருஷம் முன்னாடி உங்ககிட்ட கேட்டேன். போய் வேலையைப் பாருலேன்னு ஏசினீங்க. அண்ணன் கேட்டா ஒரு மணி நேரம் பேசுறீங்க."

உண்மை. அமெரிக்காவில் இருப்பவன் கேட்டால் அறிவியல், உள்ளூரில் இருப்பவன் கேட்டால் போக்கிரித்தனம் என்று நான்தான் பிரித்து வைத்திருந்தேன். கேள்வி ஒன்றேதான். பல்சக்கரத்தின் விகிதமும் கன்வெர்ட்டரின் ஸ்டாலும் ஒரே குடும்பத்துக் கணக்கு. அவனையும் ஒரு தாளோடு உட்காரவைத்திருந்தால், எடையும் விகிதமும் பிரேக்கும் பேசியிருந்தால், வேகம் என்பது எங்கே நிற்கலாம் என்பதையும் சேர்த்த கணக்கு என்று அவனுக்குத் தெரிந்திருக்கும். விழுந்திருக்க மாட்டான் என்று சொல்லவில்லை. கேட்க ஆள் இருந்திருக்கும்.

இவன் ஒருவன் கதையல்ல இது. வெள்ளையம்பலத்திலிருந்து கவடியார் அரண்மனை வரை போகும் ராஜவீதியில் நள்ளிரவு பைக் சத்தம் கேட்டு எழுந்தவர்கள் நம் சங்கத்திலேயே பலர் உண்டு. 2022 ஜூன் மாதம் விழிஞ்ஞம் முக்கோலைப் பகுதியில் பைபாஸ் சாலையில் பைக்குகள் மோதி இரண்டு இளைஞர்கள் இறந்தார்கள். பந்தயம் என்றே அன்று பேசப்பட்டது. அதே மாதத்தில் மோட்டார் வாகனத் துறை 'ஆப்பரேஷன் ரேஸ்' என்று மாநிலமெங்கும் சோதனை நடத்தியது. 2023 ஜனவரியில் கோவளம் பைபாஸில் சாலையைக் கடந்த ஒரு பெண்மணி, வேகமாக வந்த பைக் மோதி உயிரிழந்தார். ஓட்டிவந்த இளைஞரும் இறந்தார். வேலைக்குப் போகிற வழியில் சாலையைக் கடப்பவர்கள் எந்தப் பந்தயத்துக்கும் பெயர் கொடுத்தவர்கள் அல்லர்.

சட்டம் இதில் தெளிவாக இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 189-ஆம் பிரிவு, மாநில அரசின் எழுத்துமூலமான ஒப்புதல் இல்லாமல் பொது இடத்தில் பந்தயம் ஓட்டுவதைக் குற்றமாக்குகிறது. 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு முதல் முறைக்கே மூன்று மாதம் வரை சிறையோ 5,000 ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ உண்டு. வண்டியை மாற்றுவதற்கும் 52-ஆம் பிரிவு தடை போட்டிருக்கிறது. கேரளத்திலிருந்து போன ஒரு வழக்கில்தான் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், தயாரிப்பாளர் குறித்த அமைப்புக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது என்று தீர்ப்புச் சொன்னது. பந்தயத்துக்கு மாற்றிய வண்டி சாலைக்கு உரியதல்ல என்பதில் எனக்கும் மாறுபாடு இல்லை. என் கேள்வி ஒன்றுதான். அது எங்கே உரியது? அந்த இடத்தை நாம் காட்டினோமா?

அமெரிக்காவிலும் தெருவில் ஓடிய பிள்ளைகள்தான் முதலில் இருந்தார்கள். 1950-இல் கலிஃபோர்னியாவில் சாந்தா அனா என்ற ஊரின் விமானத் தளத்தில் ஞாயிறுதோறும் நுழைவுக் கட்டணம் வாங்கி நேர்ப்பாதைப் பந்தயம் நடத்தத் தொடங்கினார்கள். 1951-இல் வாலி பார்க்ஸ் என்பவர் தேசிய ஹாட் ராட் சங்கத்தைத் தொடங்கினார். பிள்ளைகளைத் தெருவிலிருந்து திடலுக்கு இழுத்து, விதி போட்டு, வண்டியைச் சோதித்து ஓடவிடுவது அதன் நோக்கம். என் அக்கா மகன் தலைக்கவசத்தோடு வரிசையில் நிற்பது அந்த ஏற்பாட்டின் பயன்.

நம்மவர்களுக்கும் இது புதிதல்ல. சென்னைக்கு அருகே சோழவரத்தில் உலகப் போர்க் காலத்து விமானத் தளத்தில் 1950-களிலேயே மோட்டார் பந்தயம் நடந்தது. 1953-இல் தொடங்கிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப், பிறகு இருங்காட்டுக்கோட்டையில் சொந்தமாகத் தடம் அமைத்து 1990-இல் ஓட்டத் தொடங்கியது. பைக்குகளுக்கான தேசிய டிராக் பந்தயமும் அங்கே நடந்திருக்கிறது. கோவையில் கரிவரதன், மாருதி 800 எஞ்சினை வைத்து ஒற்றை இருக்கைப் பந்தயக் கார் செய்து இளைஞர்களுக்கு வழி திறந்தார். 1995-இல் அவர் விமான விபத்தில் இறந்த பிறகு, அவர் பெயரால் கோவைக்கு அருகே செட்டிபாளையத்தில் தடம் வந்தது. அந்தக் கோவையைச் சேர்ந்த நரேன் கார்த்திகேயன் 2005-இல் ஃபார்முலா ஒன் பந்தயத்தில் ஓடிய முதல் இந்தியர் ஆனார். இடம் கொடுத்தால் என்ன விளையும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

திருவனந்தபுரம் விளையாட்டுக்கு இடம் கொடுக்காத ஊரல்ல. துப்பாக்கி சுடுவதற்கு வட்டியூர்க்காவில் தளம் இருக்கிறது. சைக்கிள் பந்தயத்துக்குக் காரியவட்டத்தில் தடம் இருக்கிறது. துப்பாக்கிக்கே பாதுகாப்பான இடம் காட்டிய ஊர், வண்டிக்கு ஒரு கிலோமீட்டருக்குச் சற்றுக் கூடுதலான நேர்ப்பாதையைக் காட்ட முடியாதா? 402 மீட்டர் ஓட, அதைவிட நீளமான இடம் நிற்க, இரு பக்கமும் தடுப்பு, ஒரு ஆம்புலன்ஸ், வண்டியைச் சோதிக்கத் தொழில் தெரிந்த நாலு பேர். நிரந்தரத் திடல் கட்டும்வரை, அரசின் எழுத்து ஒப்புதலோடு மாதம் ஒரு ஞாயிறு மூடப்பட்ட பாதையில் நடத்தலாம். 189-ஆம் பிரிவே அந்த வாசலைத் திறந்து வைத்திருக்கிறது.

இது ஆசையைத் தூண்டிவிடும் என்று சிலர் சொல்லக்கூடும். ஆசை ஏற்கெனவே இரவு ஒரு மணிக்குப் பைபாஸில் நிற்கிறது. திடல் வந்தாலும் சிலர் சாலையில் ஓடத்தான் செய்வார்கள் என்றும் சொல்லலாம். அது உண்மை. அவர்களுக்குச் சட்டம் இருக்கட்டும். மற்றவர்களுக்கு ஒரு கதவு இருக்கட்டும். பணக்காரப் பிள்ளைகளின் விளையாட்டு என்பார்கள் இன்னும் சிலர். என் இளைய மருமகன் ஓட்டியது மாதத் தவணையில் வாங்கிய பைக்.

சங்கத்தாருக்கு என் வேண்டுகோள் இரண்டு. மாநில விளையாட்டுக் கழகத்துக்கும் மோட்டார் வாகனத் துறைக்கும் இது குறித்து ஒரு மனு கொடுக்க வேண்டும். மலையாள நண்பர்களின் சங்கங்களும் கையெழுத்திடுவார்கள். அவர்கள் வீட்டிலும் இதே பிள்ளைகள்தாம். இரண்டாவது, நம்மிடையே ஓய்வு பெற்ற பணிமனைக்காரர்களும் பொறியாளர்களும் நிறைய இருக்கிறோம். மாதம் ஒரு சனிக்கிழமை சங்கக் கட்டடத்தில் பிள்ளைகளோடு உட்கார்ந்து வண்டியைப் பற்றிப் பேசலாம். பிரேக்கும் டயரும் விகிதமும் எண்ணெயும் பேசலாம். நான் வரத் தயார்.

பெற்றோர்களுக்கு ஒரே ஒரு வார்த்தை. உங்கள் பிள்ளை வண்டியைப் பற்றி ஏதாவது கேட்டால் ஏசி அனுப்பாதீர்கள். பதில் தெரியாவிட்டால் தெரிந்தவரிடம் அனுப்புங்கள். நான் ஏசி அனுப்பிய ஒரு கேள்விக்கு இரண்டு பிள்ளைகள் விலை கொடுத்தார்கள்.

இளையவன் கால் தேறிவிட்டான். இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் என் வீட்டுக்கு வருகிறான். போன வாரம் அண்ணனின் மூன்றாவது கன்வெர்ட்டருக்கான கணக்கை அவனே தாளில் போட்டான். வழுக்கல் ஆறு பங்குக்கு வரும் என்கிறான். நான் ஏழு என்கிறேன். யார் சொன்னது சரி என்பது என்னிஸ் திடலில் தெரிந்துவிடும்.